ஓரடி உயரம்

பெயிண்டர் வலது பக்கம் புரண்டதுதான் தாமதம், அறை சுற்ற ஆரம்பித்தது.

மின்விசிறி அணைந்து கிடந்தது. அதைச் சுற்றிக் கூரை ஓடியது. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினார். இருபத்தைந்து வரை எண்ணினால் வேகம் குறையும், முப்பதில் நின்றுவிடும். இந்த ஆறு நாளில் அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல சேதி அதுதான்.

பக்கத்தில் படுத்திருந்த மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"கட்டிலை எதுக்கு இந்தப் பிடி பிடிக்கிறீங்க? அது எங்கேயும் ஓடிடாது."

"கனவு. கீழே விழற மாதிரி."

"பதினோரு வருஷமா கயித்துல தொங்கிட்டுப் பெயிண்ட் அடிக்கிறீங்க. இப்பத்தான் அந்தக் கனவு வருதாக்கும்."

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அவளுக்குத் தெரிந்தால் அரை மணி நேரத்தில் அவள் தம்பிக்குத் தெரியும். தம்பிக்கும் இவர் வேலை செய்கிற கட்டடத்திலேயே பெயிண்ட் வேலை. அவனுக்குத் தெரிந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அங்கிருக்கிற சிமென்ட் மூட்டைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

அதுவும் இன்றைக்கு. இன்றைக்குப் பார்த்து.

உயரத்தில் வேலை செய்கிற பன்னிரண்டு பேருக்கும் சமநிலைச் சோதனை என்று இரண்டு நாளைக்கு முன்பு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வருகிற சங்கதிதான். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு கட்டை கிடக்கும். அதன்மேல் நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். முடித்தால் ஹெல்மெட்டில் பச்சை ஸ்டிக்கர். விழுந்தால் அந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். போன வருஷம் இரண்டு பேருக்குச் சுரண்டினார்கள். ஒருவர் நிலவறையில் உப்புத்தாளை வைத்துக்கொண்டு, சுவரில் பூசிக் காய்ந்த பட்டியை நாள் முழுக்கத் தேய்க்கிறார். இருமினால் வெள்ளையாக வருகிறது. இன்னொருவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. கீழே இறங்கினவர் எவரும் திரும்ப மேலே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

பெயிண்டருக்கு மேலே தொங்குகிற வேலை ஒன்றுதான் தெரியும். மேலே காற்று உண்டு, அதட்ட ஆள் இல்லை. பதினெட்டாவது மாடிச் சுவரும் தானும் மட்டும் இருக்கிற அந்த நேரத்தை விட்டுவிட்டு நிலவறைக்குப் போவதற்கு அவர் தயாராக இல்லை.

ஐந்து நாளைப் பொய்யிலேயே ஓட்டியிருந்தார். முதல் நாள் பெல்ட் பூட்டு சரியில்லை. இரண்டாம் நாள் கயிறு நைந்திருக்கிறது. மூன்றாம் நாள் வயிறு. நான்காம் நாள் சொல்வதற்குப் பொய் தீர்ந்துபோய், வாசல் கேட்டுக்குத் தானே வலியப் போய் ப்ரைமர் அடித்தார். ஐந்தாம் நாள் அதே கேட்டின் பின்பக்கம்.

நடுவில் காது டாக்டரிடமும் போய்வந்தார். டாக்டர் அவர் தலையைப் பிடித்து வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, கண் எப்படித் துடிக்கிறது என்று பார்த்தார். பெயிண்டருக்குப் புரிந்த அளவில், காதுக்குள்ளே கொத்தனார் வைக்கிற ரசமட்டம் மாதிரி ஒன்று இருக்கிறது, அவருடையதில் குமிழி இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. அதற்கு ஒரு வெள்ளை மாத்திரை. தும்மலுக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற மருந்துக்குப் பங்காளி முறை. பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவர்களுக்கும் அதைத்தான் கொடுப்பார்களாம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. தூக்கம் வரும், வாய் வறளும், ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் அடுக்கினார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கற வேலை சார்."

வாட்ச்மேன் என்று நினைத்துக்கொண்டு டாக்டர் தலையாட்டி அனுப்பிவிட்டார்.

முதுகில் பச்சை எழுத்துப் போட்ட மாத்திரை அட்டையை வீட்டில் வைத்தால் மனைவி பார்ப்பாள் என்று, ஒவ்வொன்றாகப் பிரித்துப் புதினா மிட்டாய் டப்பாவில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். மாத்திரைக்கும் மிட்டாய் வாசனை ஏறிவிட்டது.

இன்று எழுந்ததும் ஒன்றை விழுங்கினார். பிறகு சமையலறைக்குப் போய், தரையில் இரண்டு டைல்ஸ் சேருகிற கோட்டின்மேல் கையை விரித்துக்கொண்டு நடந்து பார்த்தார். நாலாவது அடியில் பாத்திர அலமாரியைக் கட்டிப்பிடித்தார். சத்தம் கேட்டு மனைவி வந்து நின்றாள்.

"வாயை ஊதுங்க."

ஊதினார்.

"காலங்காத்தால எதுக்குப் புதினா மிட்டாய்?"

"தொண்டை வறண்டு கிடக்கு."

"குடிச்சிருந்தா அப்படித்தான் வறளும். எங்கப்பாவைப் பாத்து வளர்ந்தவ நான்."

அவள் சொன்னதில் பிசகே இல்லை. நடை தள்ளாடுகிறது, சுவரைப் பிடிக்கிறார், சாயங்காலம் வந்ததும் கட்டையாகச் சாய்ந்து தூங்குகிறார், வாயில் மிட்டாய். வேறு எப்படி நினைப்பாள்? பெயிண்டர் யோசித்துப் பார்த்தார். தலைசுற்றல்காரன் என்பதற்குக் குடிகாரன் என்பது எவ்வளவோ மேல். குடிகாரன் சாயங்காலம்தான் குடிப்பான், மறுநாள் மேலே ஏற விடுவார்கள். தலை சுற்றுகிறவனை எந்த நேரமும் விட மாட்டார்கள்.

"ஆமா. கொஞ்சம்," என்று ஒப்புக்கொண்டார்.

வாழ்க்கையில் ஒரு நாளும் தொடாததற்குக் குற்றத்தை ஏற்றுக்கொண்டதில் அவருக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை திரும்புகிறவரைதான் அந்த நிம்மதி இருந்தது. அதற்குள் அவள் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள்.

மச்சினன் கேட்டிலேயே காத்துக்கொண்டிருந்தான். காவலாளி எல்லாரையும்போல அவரையும் குடித்திருக்கிறாரா என்று பார்க்கிற குழாயில் ஊதச் சொன்னான். பூஜ்யம் காட்டியது. மச்சினன் மறுபடி ஊதச் சொன்னான். மறுபடியும் பூஜ்யம். குழாய் கெட்டுப்போயிருக்கும் என்று காவலாளியிடம் சண்டைக்குப் போனான். அவனுக்கு அக்கா சொன்னதுதான் வேதம். அதன்பிறகு நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டான்.

ஏழு மணிக்குக் காலைக் கூட்டம். மேஸ்திரி ஒரு மணல் குவியலின்மேல் ஏறி நின்று அன்றைய வேலையைச் சொல்வார். எல்லாரும் வரிசையாக நின்று கேட்பார்கள். வெயில் இதமாக முதுகில் விழுந்தது. மாத்திரை சரியாக அந்த நேரம் பார்த்துத் தன் வேலையைத் தொடங்கியது. மேஸ்திரியின் குரல் தூரத்தில் ஓடுகிற தண்ணீர் மோட்டார் மாதிரி சுகமாகக் கேட்டது. பெயிண்டர் ஹெல்மெட்டை நெற்றிக்கு இறக்கிவிட்டுக்கொண்டார். தலை முன்னால் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது.

கூட்டம் கலைகிற சத்தத்தில்தான் விழித்தார். மேஸ்திரி நேராக அவரிடம் வந்து தோளில் கையை வைத்தார்.

"உன்னைத்தான்பா நம்பியிருக்கேன்."

இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, இரக்கப்பட்டுப் பேசுகிறார் என்று பெயிண்டருக்குப் பட்டது. மேஸ்திரி போனதும் மச்சினன் நெருங்கி வந்தான்.

"மாமா, அவர் சொன்னதுக்குத் தெரிஞ்சுதான் தலையாட்டினீங்களா?"

என்ன சொன்னார் என்று கேட்டால் தூங்கியது தெரிந்துவிடும்.

"தெரிஞ்சுதான்."

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"உங்கக்காவுக்கு எதுக்கு? வேலை விஷயம்."

மச்சினன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டில் அவ்வளவு பெரிய சண்டையா என்று கேட்டான். இல்லை என்று பெயிண்டர் சொன்னார். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

சோதனை பத்து மணிக்கு. அதற்குள் தூக்கத்தை விரட்ட வேண்டும். கேண்டீனில் டிகாஷனை மட்டும் கெட்டியாக மூன்று டம்ளர் வாங்கிக் குடித்தார். தூக்கம் போயிற்று. கை நடுங்க ஆரம்பித்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இது நடுக்கமா, சுற்றலின் தொடக்கமா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, டாக்டர் ராத்திரிக்குச் சொன்ன மாத்திரையைக் காலையிலேயே விழுங்கிவிட்டார். இப்போது உடம்பில் பாதி தூங்கியது, பாதி ஓடியது.

காதுக்குள் இருக்கிற குமிழிதானே ஆடுகிறது, அடைத்து வைத்தால் ஆடாமல் இருக்கும் என்று அடுத்ததாக ஒரு யோசனை. கழிப்பறைக்குள் போய், கை துடைக்கிற பஞ்சில் கொஞ்சம் பிய்த்து வலது காதில் திணித்தார். அது நேற்றைக்குப் பெயிண்ட் கரைக்கிற தின்னர் தொட்டுத் துடைத்த பஞ்சு. காது காந்தியது. வெளியே வந்தபோது மச்சினன் மூக்கை உறிஞ்சினான். முகம் மாறிவிட்டது.

"மாமா. எது வேணா குடிங்க. தின்னர் மட்டும் வேணாம்."

பெயிண்டருக்குப் பதில் சொல்ல வாயில் ஈரம் இல்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பேசாமல் நின்றதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு மச்சினன் கண் கலங்கினான்.

பத்து மணிக்குக் கட்டடத்தின் வடக்குப் பக்கம் எல்லாரையும் கூப்பிட்டார்கள். பன்னிரண்டடி நீளம், நாலு விரல்கடை அகலம், ஓரடி உயரத்தில் கட்டை. இரண்டு பக்கமும் மணல் கொட்டியிருந்தது. சேஃப்டி ஆபீசர் கையில் தாளோடு நின்றார்.

முதலில் பூனை. ஐந்தாவது மாடியில் தண்ணீர்க் குழாயின்மேலேயே நடந்து போய்ச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துவருகிற ஆள்; அதனால்தான் அந்தப் பட்டம். பூனை கட்டைமேல் ஏறினார். மூன்றாவது அடியில் மணலில் உட்கார்ந்திருந்தார்.

பெயிண்டர் கட்டையை உற்றுப் பார்த்தார். பூனையே விழுகிறதென்றால் கட்டையில் ஏதோ இருக்கிறது.

அடுத்தது நெட்டை. ஏறின வேகத்தில் இறங்கினார். அதற்கடுத்தவர் நடுவரை வந்து, ஒற்றைக்காலைத் தூக்கச் சொன்னதும் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சாய்ந்தார். ஆபீசர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கட்டையருகே குனிந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார். மட்டம் சரியாக இருந்தது. நாடாவை விரித்து அகலத்தை அளந்தார். அதுவும் சரியாக இருந்தது.

"நேத்து பதினாலாவது மாடியில நின்னுக்கிட்டுப் பீடி பத்தவெச்ச ஆளுதானே நீ?" என்று நாலாவது ஆளைக் கேட்டார்.

"அது நேத்து சார்," என்றார் அவர், மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு.

ஒவ்வொருவராக விழுந்துகொண்டே இருந்தார்கள். தலை நன்றாக இருக்கிறவர்களுக்கே இந்தக் கதி. மச்சினனும் நாலடி நடந்து பொத்தென்று விழுந்தான். விழுந்தவன் எழுந்து வந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பெயிண்டர் பெயரைக் கூப்பிட்டார்கள். பஞ்சு வைத்த காதில் விழவில்லை. இரண்டாம் முறையும் விழவில்லை. மூன்றாம் முறை மச்சினன் முழங்கையால் இடித்தான்.

கட்டைமேல் ஏறினார்.

முதல் அடி. இரண்டாவது அடி. எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு பெயிண்ட் சொட்டு வடிந்து காய்ந்திருந்தது. போன வருஷம் அவர் கையால் வடிந்த சொட்டு. அதற்காக மேஸ்திரியிடம் ஒரு வாரம் திட்டு வாங்கியிருக்கிறார். இன்றைக்கு அதை விட்டால் வேறு துணையில்லை என்று கண்ணை அதிலேயே ஆணியடித்தார். மூன்றாவது, நாலாவது. நடு வந்தது.

இடது பக்கமாகத் திரும்பினால் தப்பிக்கலாம். ஆறு நாள் கட்டிலில் படித்த பாடம்.

"வலது பக்கமா ஒரு சுத்து முழுசாத் திரும்பி, ஒத்தைக்கால்ல பத்து எண்ணு," என்றார் ஆபீசர்.

பெயிண்டர் நின்றார். ஓரத்தில் மச்சினன் உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்துக்கொண்டு அழுத்தி அழுத்திக் காட்டினான். மெதுவாக, மெதுவாக என்று சொல்கிறான் போல. மற்ற பத்துப் பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள். பூனைகூட அதே மாதிரி கையைக் காட்டினார். இவ்வளவு பேர் தன்மேல் இத்தனை அக்கறையாக இருப்பார்கள் என்று பெயிண்டர் நினைத்ததே இல்லை.

வலது பக்கமாகத் திரும்பினார். கட்டடம் கிளம்பியது.

பதினெட்டு மாடியும் ஒட்டுமொத்தமாகச் சுற்ற, சாரம் அதன் பின்னால் ஓட, மணல் மேலே வந்தது. அந்தச் சுழலில் சொட்டைத் தேடிப் பிடித்தார். காலைத் தூக்கியாயிற்று, அது அவருக்குத் தெரியும். திரும்ப வைப்பதற்குக் கட்டை எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. ஆகவே வைக்கவில்லை. சொட்டைப் பார்த்துக்கொண்டே எண்ணினார். பத்து. பதினைந்து. முதுகெலும்பில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. பல்லைக் கடித்தார். இருபது. யாரோ ஒருவர் பெருமூச்சு விட்டார். இருபத்தைந்தில் வேகம் குறைந்தது. முப்பதில் கட்டடம் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. கட்டை காலுக்கடியிலேயேதான் இருந்தது. காலை வைத்தார். மீதி ஆறடியையும் நடந்து அந்தப் பக்கம் இறங்கினார்.

"பத்து எண்ணச் சொன்னேன், முப்பது நின்னுருக்கே," என்றார் ஆபீசர். அவர் குரலே தழுதழுத்தது. தாளில் பெரிதாக ஒரு டிக் போட்டார்.

யாரும் கை தட்டவில்லை. பதினோரு பேரும் இழவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள். மச்சினன் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். பொறாமையாக இருக்கும் என்று பெயிண்டர் நினைத்தார். பாவம், இத்தனை பேரும் நாளையிலிருந்து நிலவறையில் பட்டி தேய்க்க வேண்டும். தன்னால் முடிந்தால் மச்சினனுக்காக மட்டும் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாம்.

மேஸ்திரி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். ஸ்டோருக்குப் போய்ச் சாமானை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

ஸ்டோருக்கு நடக்கையில் பெயிண்டர் பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். உலகம் நேராக இருந்தது. பசித்தது. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். குடிக்கவில்லை, காதில் குமிழி, மாத்திரை, ஜெயித்தது, எல்லாம். அவள் திட்டுவாள். திட்டட்டும். இனி ஒரு வருஷத்துக்கு ஸ்டிக்கரை யாரும் சுரண்ட முடியாது. அதற்குள் குமிழி தன் இடத்துக்குப் போய்விடும்.

ஸ்டோர்காரர் அதிகம் பேசாத மனுஷர். ஜன்னல் வழியாக முதலில் ஒரு பெரிய பையைத் தள்ளினார். அப்புறம் காற்று அடைத்தாற்போல உப்பிய ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றை எடுத்து வைத்து, அளவு சரியா என்று போட்டுப் பார்க்கச் சொன்னார். புது மாதிரி பெல்ட் போலிருக்கிறது என்று பெயிண்டர் மாட்டிக்கொண்டார். கழுத்தருகே ஒரு விசில் தொங்கியது. எதற்கு விசில் என்று புரியவில்லை. ஜெயித்தவனுக்கு ஏதோ மரியாதை.

பிறகு ஸ்டோர்காரர் டிராயரைத் திறந்து, ஒரு மாத்திரை அட்டையை எடுத்துப் பலகைமேல் வைத்தார்.

வெள்ளை மாத்திரை. முதுகில் அதே பச்சை எழுத்து.

பெயிண்டரின் கை தன்னால் சட்டைப் பைக்குப் போய் மிட்டாய் டப்பாவைத் தொட்டது. டப்பா அங்கேயேதான் இருந்தது. அப்படியானால் டாக்டர் சொல்லிவிட்டாரா? மனைவி கண்டுபிடித்துத் தம்பியிடம் கொடுத்தனுப்பிவிட்டாளா? இவ்வளவு தூரம் நடக்கவைத்துவிட்டுக் கடைசியில் இந்த ஜன்னலில் வைத்துப் பிடித்துவிட்டார்களே.

"இது... இது எதுக்குண்ணே?"

ஸ்டோர்காரர் ரெஜிஸ்டரைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

"படகுல குமட்டாம இருக்க. நடுக்கடல் விளக்குத் தூணுக்கு நாப்பது நாள் பெயிண்ட் அடிக்கணும், போகவே ஒம்பது மணி நேரம், டெஸ்ட்ல நிக்கிறவன் போகணும், விழறவன் இங்கேயே பழையபடி மேல ஏறிக்கலாம்னு காலையில மேஸ்திரி சொன்னப்போ, பன்னெண்டு பேர்ல தலையை ஆட்டி ஆட்டிச் சரின்னு நின்னது நீ ஒருத்தன்தானேப்பா."